முகாம் பட்டியலில் ஒரு பெயர்

14 மே 2009, வியாழன்
இக்காஸ்ட், டென்மார்க். மழை, குளிர் காற்று. அம்மா சாப்பிடாமல் மூன்றாம் நாள். தேத்தண்ணீர் மட்டும்.
அண்ணாவின் கடைசி அழைப்பு வன்னியிலிருந்து, பெப்ரவரியில். நாற்பது விநாடி. அதற்கு முந்திய கடிதம் மேசையில். இடது கையால் எழுதுபவர், எல்லா வரியிலும் மை இழுபட்டிருக்கும்.
வாங்க: பால், பருப்பு, அம்மாவின் பிரஷர் மாத்திரை.
மாத்திரையும் வேண்டாமாம். "அவன் அங்க பட்டினி கிடக்க எனக்கென்ன மருந்து?"

15 மே, வெள்ளி
சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை.
"அம்மா, அகதி முகாம் லிஸ்ட் ஒண்டில அண்ணான்ர பேர் இருக்காம்."
"ஆர் சொன்னது?"
கூடப் படித்த ஒருத்தி என்றேன். அப்படி ஒருத்தி இல்லை.
அம்மா எழுந்து முகம் கழுவினார். இரண்டு பிடி சோறு. மாத்திரையும். "நீ கம்பஸ் முடிச்சனி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். அதற்கு இப்படியும் ஒரு பயன்.

18 மே, திங்கள்
போர் முடிந்துவிட்டதாம். டேனிஷ் செய்தியில் கொஞ்ச நேரம், பிறகு கால்பந்து. அம்மா அழவில்லை. "அவன்தான் முகாமுக்கு வந்திட்டானே." குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் அழுதேன்.

19 மே, செவ்வாய்
நூலகம். லூசியாவுக்கு ஆங்கிலம். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் பிரேசில்காரி, வாரம் ஒரு மணிநேரம். இன்றைய பாடத்தில்: 'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்'.
எதற்கு உப்பு என்றாள். காற்றில் வந்த கதையை அப்படியே நம்பாமல், கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது என்றேன். அவள் மொழியில் அதற்கு ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொள்வது என்பார்களாம். எழுந்து நடித்தே காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்க்க, எனக்கு வெட்கம்.
பிறகு கேட்டாள்: "கதையை முதலில் சொன்ன ஆளுக்கும் அந்த உப்பு வேண்டுமா?"
நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை மூடினேன்.

21 மே, வியாழன்
விடுமுறை. வெயில். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ராணி மாமியின் அழைப்பு. நல்லகாலம், நான் எடுத்தேன்.
"பிள்ளை, உன்ர கொண்ணர் முகாமில இருக்கிறாராம். கண்ட ஆளே சொன்னதாம்."
"ஆர் மாமி கண்டது?"
"ஆரோ பஸ்ஸில வந்த சனம். நீலச் சாரம் கட்டியிருந்தவராம். ஒரு கை இல்லையாம், ஆனா ஆள் உயிரோட. கொம்மாட்டைக் கையைப் பற்றி மூச்சு விடாத."
அம்மா கோயிலில் சொல்லியிருப்பார். என் பொய்தான், ஆறு நாளில் ஹொல்ஸ்டெப்ரோ வரை போய்விட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. தெரியும். ஆனால் சாரத்தை நான் சொல்லவில்லை. கையையும் சொல்லவில்லை. அண்ணாவிடம் நீலச் சாரம் ஒன்று இருந்தது.
குசினியில் அம்மா புட்டு அவிக்கும் சத்தம். மாமி அதற்குள் இக்காஸ்டில் மழையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடைமறித்தேன்.
"மாமி, எந்தக் கை?"