கேட்க மட்டும் போதுமான கரண்ட்

காஜா பெராங்,
மலாக்கா.
9-9-1957

அன்பு மகள் கோகிலாவுக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. சீமையில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆசிரியர் படிப்பும் குறைவில்லாமல் நடக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறோம். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும், எப்போதும் எழுதுவதும் அதுதான், இந்த முறை கை ஓடவில்லை அம்மா. இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. உன் தம்பி பொன்னுதுரை போன திங்கட்கிழமை தொங்காங் படகில் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவன், இன்னும் வீடு திரும்பவில்லை. தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீசில் போய் நின்றேன். இருக்கிறான் என்றும் போட முடியவில்லை, இல்லை என்றும் போட முடியவில்லை, அங்கிருந்த மலாய்க்காரப் பையன் என்ன எழுதட்டும் என்று இரண்டு தரம் கேட்டான், திரும்பி வந்துவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். கிளேபாங்கில் எங்கள் ஆபீசுக்கு வயர்லெஸ் பெட்டி வந்ததை முன்பே எழுதியிருந்தேன். தொங்காங்குகளில் ஒவ்வொரு பெட்டி, கரையில் ஒரு பெட்டி. கரைப் பெட்டியை ஆபீசுக்குள் வைத்தால் ஏரியலுக்குப் போகும் வழியிலேயே சத்தம் பாதி செத்துவிடுகிறது என்று வயர்லெஸ் வேலை பார்க்கும் நம் ராஜரத்தினம் அதைத் தகர டப்பாவுக்குள் வைத்துக் கடலோரக் கம்பத்தின் உச்சியிலேயே ஏற்றிவிட்டான். மழை வெயில் படாது. ஆபீசிலிருந்து கம்பம் வரைக்கும் ஒரே ஒரு தடித்த கேபிள், அதற்குள்ளேயே பெட்டிக்கு வேண்டிய கரண்டும் போகும், பேச்சும் வரும் போகும். மேசை மேல் ஒலிபெருக்கி ஒன்று, பேசுவதற்கு மைக் ஒன்று, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் முதலாளி தவுக்கே அதைத் தன் பிள்ளையைக் காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் மெர்டேக்கா, நம் சுதந்திர நாள் வந்தது. நம் தெருவில் கலியாணசுந்தரம் தலைமையில் அலங்கார வளைவு கட்டினார்கள், கலர் பல்பு போட வேண்டும், மெயின் ரோட்டிலிருந்து கரண்ட் எடுக்க நீளமாகக் கேபிள் வேண்டும். நம் ஆட்கள் சங்கதிதான் உனக்குத் தெரியுமே, வளைவுக்கு என்றோ கோயிலுக்கு என்றோ கேட்டுவிட்டால் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான், வீட்டுக் கதவைக்கூடக் கழற்றிக் கொடுப்பான். தவுக்கேயும் சந்தோஷமாக எடுத்துப்போ என்றார், ஸ்டோர்காரன் என்ற முறையில் நானே கழற்றிச் சுருட்டிச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குப் பதிலாக ஸ்டோரில் கிடந்த அழைப்பு மணி வயரை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டிக் கம்பத்துக்கு இழுத்தோம். போட்டுப் பார்த்தோம், கடலில் தொங்காங்குக்காரர்கள் பேசிச் சிரிப்பது மணி மாதிரி கேட்டது. சரி, வேலை முடிந்தது என்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்ப ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ராஜரத்தினம் கொண்டாட்டம் பார்க்கக் கோலாலம்பூர் போயிருந்தான், அவன் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டான்.

சனிக்கிழமை கொடி ஏறியது, வளைவு ஜொலித்தது, உன் அம்மா பாயாசம் வைத்தாள், தம்பி மூன்று டம்ளர் குடித்தான். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்குப் போனான். ராஜரத்தினம் இன்னும் திரும்பாததால் பெட்டி முன்னால் உட்கார ஆளில்லை, பிள்ளையும் கடலில்தானே இருக்கிறான் என்று நானே போய் உட்கார்ந்தேன். பொழுது சாயும் நேரம், சுமத்திரா பக்கம் வானம் கறுத்துவிட்டது. அப்போதுதான் தம்பி குரல் வந்தது. மிஷின் நின்னுருச்சு, நங்கூரம் பிடிக்க மாட்டேங்குது, இழுத்துக்கிட்டுப் போகுது, யாராச்சும் இருக்கீங்களா என்கிறான். நான் உடனே கணக்கப்பிள்ளையைக் கடல் போலீசுக்குத் துரத்திவிட்டு மைக்கை எடுத்துப் பித்தானை அழுத்தினேன். மேசையில் இருந்த சின்ன விளக்கு மங்கி அணைந்துபோயிற்று. விட்டால் விளக்கு எரிகிறது, அவன் பேசுவது கேட்கிறது. அழுத்தினால் செத்துவிடுகிறது. பொறுடா, போலீஸ் படகு வருது, அங்கேயே இருடா என்று தொண்டை கிழியக் கத்தினேன் கோகிலா, அது அந்த மேசையைத் தாண்டவில்லை. கடற்கரைக்கு ஓடி அங்கிருந்தும் கத்திப் பார்த்தேன், பைத்தியக்காரன் செய்கிற காரியம்தான், வேறு என்ன செய்வது. திரும்ப ஓடி வந்தால் அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பதில் வராததால் பெட்டியில் ஆளே இல்லை என்று நினைத்துவிட்டான். சின்னச் சம்பான் படகை இறக்கித் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து ஆள் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். தொங்காங் ஓட்டும் தண்டல் பாக் ஹசான், துங்கு, துங்கு, பொறு என்று மலாயில் எவ்வளவோ தடுத்தாராம். மழை தொங்காங்கை நெருங்கும் நேரத்தில் போலீஸ் படகும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாக் ஹசானும் கூட இருந்த ஆளும் ஒரு கீறல் இல்லாமல் வந்தார்கள். சம்பானைத்தான் காணோம்.

ராஜரத்தினம் மறுநாள் ஓடி வந்தான். அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேக்கறதுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும்ணே, பேசறதுக்குத்தான் நெறைய வேணும், இந்த மெல்லிசு வயர்ல அம்புட்டுத் தூரம் போறதுக்குள்ள பாதிக்கு மேல வழியிலேயே போயிரும்ணே என்று அழுதான். அவனை நான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. கலியாணசுந்தரம் அன்றைக்கே வளைவைப் பிரித்துக் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார். யாரைக் குறை சொல்வது, நல்ல காரியத்துக்குத்தானே எல்லோரும் கொடுத்தோம்.

உஜோங் பாசிர் மீனவர்கள் தினமும் தேடப் போகிறார்கள். நீரோட்டம் அக்கரைக்கு இழுத்திருக்கும், சுமத்திராவில் பெங்காலிஸ் பக்கம் யாராவது தூக்கி வைத்திருப்பார்கள் என்று பாக் ஹசான் சொல்கிறார். என் தேறுதலுக்குச் சொல்கிறாரா, தெரிந்து சொல்கிறாரா, கேட்கப் பயமாக இருக்கிறது. அடுத்த வீட்டுப் பொன்னம்மா தினமும் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். நீ உடனே கப்பல் ஏறுகிறேன் என்று கிளம்பிவிடாதே, வந்து நீயும் எங்களோடு கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், பட்டினி கிடக்காதே.

உன் அம்மா சாரதாம்பாளை நினைத்தால்தான் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பெட்டியில் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே, பாவி, கூப்பிடாமல் போய்விட்டானே என்று என்னிடமே கேட்கிறாள். அவன் கூப்பிட்டதும் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியாது. அவன் கடைசியாகச் சொன்னதை இதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ராஜரத்தினம் ஊரில் இருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறான். ராஜண்ணே, கேக்குதோ கேக்கலையோ, நான் சம்பான்ல வந்துர்றேன், எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, பயந்துருவாரு என்றான்.

உனக்கு அம்மனும் முருகனும் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு தாயே. மறக்காமல் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, தம்பி வந்துவிடுவான் என்று எழுது. இந்தக் கடிதத்துக்குப் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பு. விடிந்தால் நான் அங்கேதான் இருப்பேன், பெட்டி இப்போது நன்றாகப் பேசுகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
கணேசமூர்த்தி