கை படாத பவுன்

சிவமயம்

கிள்ளான்
8.4.1984

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இன்று காலை பிள்ளையார் கோயிலில் பவுனுக்குப் பூசை வைத்தபோது அங்கே இருந்தவர்கள்: குருக்கள் ஐயா, நான், இவர், மகள் தவமணி, பக்கத்து வீட்டு மார்க்கிரட். மார்க்கிரட் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றாலும் செருப்பைக் கழற்றி, தலைக்கு முக்காடு போட்டு, எங்களைவிடப் பக்தியாகத்தான் நின்றார். வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு யாராவது வந்து "நானும் அங்கை நிண்டனான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்து வீடு தீட்டுத் துடக்காக இருப்பதால், தாலிக்கு உருக்க வேண்டிய பவுனை எங்களை நம்பி ஒப்படைத்தீர்கள். வைகாசி பிறந்து, துடக்கும் கழிந்து, உங்கள் வீட்டில் பொன்னுருக்கு நடக்கும் நாள்வரை அது எங்கள் சாமி அறையில் சுகமாக இருக்கும். நீங்கள் பேரப்பிள்ளையைப் பாருங்கள்.

இத்துடன் ஒரு சின்னப் பரிசு அனுப்புகிறேன். நான் இப்போது ரெசின் வேலை பழகுகிறேன். தேன்போல ஒரு திரவம். அதில் சில சொட்டு மருந்து விட்டுக் கலக்கி அச்சில் ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகிவிடும். உள்ளே பூ, சிப்பி, நாணயம் எதையும் வைக்கலாம். சொல்லித்தர ஆள் இல்லை. டின்னோடு வந்த இங்கிலீஷ் தாளை அகராதி வைத்துப் படித்துத்தான் செய்கிறேன். இது என் மூன்றாவது. முதல் இரண்டையும் பற்றிக் கேட்க வேண்டாம். உள்ளே இருப்பது கோயில் மல்லிகை.

இவர் நாளை ரயிலில் வந்து கேட்டுக்கு வெளியே நின்று தருவார். உள்ளே வரவில்லை என்று குறை நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளை சிவகுருநாதனுக்கு எங்கள் ஆசி.

அன்புடன்,
புனிதவதி சண்முகரத்தினம்


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
12.4.1984

அன்பின் சம்பந்தி அம்மாவுக்கு,

தாயும் பிள்ளையும் சுகம். பேரன் அழுகிறான். என் அண்ணா சிவசம்பு அதைவிடக் கூடச் சத்தம் போடுகிறார். போன் அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் "ஹலோ" சொல்வதற்குள் "ஆர், ஆர்" என்று கேட்கிறார். ஆகவே நமக்குள் கடிதமே நல்லது.

அண்ணாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்கு, எங்கள் தம்பிக்கு, அவர் சிரம்பானில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். தம்பி தவமணியைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டதால் அவருக்கு மனத்தாங்கல். இந்தச் சம்பந்தத்தில் ஏதாவது குறை அகப்படுமா என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். இதுவரை அகப்படவில்லை. அகப்பட விடாதீர்கள்.

உங்கள் பரிசு கிடைத்தது. மிகவும் சந்தோஷம். உள்ளே இருப்பது கரப்பானின் காலோ என்று அண்ணா கேட்டார். கோயில் பூ என்றேன். கோயில் பூ என்பதால் எறியவும் முடியாது, அந்த மருந்து மணத்தால் பக்கத்தில் வைத்திருக்கவும் முடியாது. மேலே கொஞ்சம் பிசுபிசுக்கிறது. பத்திரிகை பறக்காமல் இருக்க அதை மேலே வைத்தேன். இப்போது பத்திரிகையும் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. புதிய பூவை வைக்காமல் காயவைத்து வைத்தால் கறுக்காதோ என்று எனக்குத் தோன்றியது. நான் ஒன்றும் தெரியாதவள், சும்மா சொன்னேன்.

முக்கியமான விஷயம். பூசை வைத்த பவுனை இனி யாருடைய கையும் படாமல், ஒரு பட்டுத் துண்டில் சுற்றி, வெள்ளிச் செம்பில் போட்டு வையுங்கள். பொன்னுருக்கு அன்று நகை செய்யும் பத்தர்தான் அதைத் தொட வேண்டும். அண்ணா இதில் மிகக் கண்டிப்பு.

உங்கள்,
நேசம்மா


சிவமயம்

கிள்ளான்
18.4.1984

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. துடக்கு வீட்டுக் கடிதம் என்பதால் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுத்தேன். நீங்களும் என் இடத்தில் இருந்தால் அதைத்தானே செய்வீர்கள். பேனா மை என்பதால் ஓரிடத்தில் கரைந்து நீலக் குளமாகிவிட்டது. நல்ல காலம், "யாருடைய கையும் படாமல்" என்பதும், அதன் கீழே "அண்ணா இதில் மிகக் கண்டிப்பு" என்பதும் தெளிவாக இருந்தன. முக்கியமானது கிடைத்துவிட்டதால் நான் கவலைப்படவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பெட்டியில் பூட்டினால் திறக்கும் கை படும். அலுமாரியில் வைத்தால் தூசு தட்டும் கை படும். இந்த வீட்டில் இவர் எதைத் தேடினாலும் எல்லாவற்றிலும் கை வைத்துத்தான் தேடுவார். சாமி அறையில் உட்கார்ந்து கேட்டபோது பிள்ளையார் வழி காட்டினார்.

ரெசினில் வைத்துவிட்டேன்.

பயப்பட வேண்டாம், இந்த முறை மிகக் கவனமாகச் செய்தேன். அகார்-அகார் ஜெல்லி செய்யும் தகர அச்சுக்கு உட்புறம் தரை மெழுகு பூசினேன். மருந்தை எப்போதும் "நமசிவாய" சொல்லி, எழுத்துக்கு ஒரு சொட்டாக விடுவது என் வழக்கம். முதல் தடவை செய்தபோது நான் "சி"யில் இருக்கும்போது இவர் "தேத்தண்ணி எங்கை" என்று கேட்டார். பஞ்சாட்சரத்தைப் பாதியில் விடலாமா. முதலிலிருந்து சொன்னேன். சொட்டு கூடிப்போய்க் கிண்ணம் கொதித்து வெடித்தது. இந்த முறை இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்கினேன்.

அடியில் ஒரு படை ஊற்றி, அது தயிர்போல் உறைந்த பிறகு, புதுப் பித்தளைக் கரண்டியால் பவுனை எடுத்து வைத்தேன். கை படவில்லை, மார்க்கிரட் சாட்சி. நீங்கள் சொன்னபடி காயவைத்த மல்லிகை இதழ்களைச் சுற்றிலும் வைத்து, மேல் படை ஊற்றி, காற்றுக் குமிழிகளைப் பல்லுக்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். மறுநாள் தட்டினேன், தானாகக் கழன்றது. ஒட்டவில்லை, மஞ்சளிக்கவில்லை. நடுவில் பவுன் மிதப்பதுபோல் இருக்கிறது. நான் செய்ததில் இதுதான் முதலாவது சரியான வேலை.

இனி ஆண்டவனே நினைத்தாலும் அதில் கை படாது. உங்கள் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
புனிதவதி


பிரிக்பீல்ட்ஸ்
20.4.1984

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணாதான் வாசித்தார். பேரன் என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டதால் நான் அவரிடம் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

கரைந்துபோன வரியில் "பட்டுத் துண்டில் சுற்றி வெள்ளிச் செம்பில்" என்று எழுதியிருந்தேன்.

அம்மா, அது உருக்க வேண்டிய பவுன். பொன்னுருக்கு என்றால் பொன்னை உருக்குவது. நீங்கள் அதைச் சுற்றிக் கல்லை உருக்கி வைத்திருக்கிறீர்கள்.

அண்ணா வாசித்து முடித்துவிட்டு, "பவுனைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டினமோ? சுத்திவரப் பூவும் வைச்சிட்டினமோ? ஆர் செத்தது?" என்று கேட்டார். பிறகு சிரம்பானுக்குப் போன் எடுத்தார். சும்மா சுகம் விசாரித்தாராம்.

தம்பி வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தான். பெரியமாமா முன்னால் அப்படிச் சிரித்தது நல்லதல்ல.

பவுனை வெளியே எடுங்கள். வைகாசி முதல் வாரத்தில் பத்தர் வருகிறார்.

நேசம்மா


சிவமயம்

கிள்ளான்
27.4.1984

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இந்த முறை தண்ணீர் தெளிக்கவில்லை. வெயிலில் காட்டிவிட்டுப் படித்தேன்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. தவமணி என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டுத் தருகிறாள்.

செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் வெயிலில் வைத்தேன். இன்னும் பளபளப்பாகிவிட்டது. சுத்தியலால் தட்டினேன். சுத்தியல் பிடி கழன்று இவர் காலில் விழுந்தது. பிறகு ரெசின் வாங்கும் பண்டமாரான் கடைக்கே கட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே படகுக்கு ஓட்டை அடைக்கும் ரெங்கசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அக்கா, சூப்பரா வந்திருக்கு லா. ஒரு குமிழி இல்ல" என்றார். இதை உருக்கித் தண்ணீராக்க வேண்டும் என்றேன். "காஞ்சா காஞ்சதுதான் அக்கா. வெட்டலாம், எரிக்கலாம். தண்ணியாவாது" என்றார். எரித்தால் கறுப்புப் புகையும் நாற்றமும் வருமாம். தாலிப் பவுனை அப்படி ஒரு புகையில் காட்ட எனக்கு மனம் வரவில்லை. வாளால் வெட்டினால் பவுனிலும் வெட்டு விழலாம்.

நேற்று இவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நீர் ஏன் அழுகிறீர்? கடையிலை இதேமாதிரி வேறை பவுன் இருக்கு. வாங்கிப் பட்டுத் துண்டிலை சுத்திக் குடுப்பம். ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

பிள்ளையாருக்குத் தெரியும் என்றேன். பூசை வைத்த பவுன் இங்கே கட்டிக்குள் கிடக்க, கடைப் பவுனில் செய்த தாலியோடு என் மகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பினால், ஒவ்வொரு தடவை அவள் கழுத்தைப் பார்க்கும்போதும் நான் கண்ணைத் தாழ்த்த வேண்டும். அதனால் இதை மறைக்காமல் உங்களுக்கே எழுதுகிறேன். இவர் சொன்னதை இவர் சொன்னதாக நினைக்க வேண்டாம், கவலையில் சொன்னது.

வீட்டுக் கணக்குக் கொப்பியில் இந்த வேலையை "சுபகாரியம்" என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். அதை வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

புனிதவதி


பிரிக்பீல்ட்ஸ்
30.4.1984

சம்பந்தி அம்மாவுக்கு,

சம்பந்தி ஐயா சொன்னதை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மறைக்காமல் எழுதியதை வாசித்தேன்.

ஆனால் அண்ணா கெடு வைத்துவிட்டார். துடக்குக் கழிந்து, சித்திரை முடிவதற்குள் அதே பவுன், யாருடைய கையும் படாமல், இந்த வீட்டுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் பொன்னுருக்குக்கு அவர் வரமாட்டாராம். தாய்மாமன் வராத பொன்னுருக்கு என்றால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். தம்பி இப்போது சிரிப்பதில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

ஏதாவது செய்யுங்கள். நானும் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், துடக்கு என்பதால் மனதுக்குள்.

நேசம்மா


சிவமயம்

கிள்ளான்
6.5.1984

அன்புள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

பவுன் வெளியே வந்துவிட்டது. ஆனால் முழுவதையும் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

சூடான கண்ணாடிக் கிளாசில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெடிக்கிறதே, இதுவும் வெடிக்காதா என்று எனக்கு ஒரு எண்ணம். வெள்ளிக்கிழமை விரதமிருந்து, நேற்றுக் காலை பெரிய பானையில் கட்டியைக் கொதிக்கவிட்டேன். மார்க்கிரட் ஐஸ் கச்சாங் கடையில் ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தார். "கடைக்காரன் வீட்டிலை பார்ட்டியா எண்டு கேட்டான், ஓம் எண்டு சொல்லிட்டன்" என்றார். கொதியிலிருந்து ஐஸுக்கு, ஐஸிலிருந்து கொதிக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். வீடெல்லாம் பெயின்ட் கடை நாற்றம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தேவாரம் பாடினார். மூக்கைப் பொத்தினால் தேவாரம் எப்படி இருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.

மத்தியானம் நெருங்கும்போது படார் என்று ஒரு சத்தம். கட்டி இரண்டாகப் பிளந்தது. பவுன் துள்ளி விழுந்து, உருண்டு, குசினி நிலத்தின் நடுவில் போய்ப் படுத்தது.

எல்லோரும் சுற்றி நின்றோம். யாரும் தொடவில்லை. நான் பித்தளைக் கரண்டியைத் தேடினேன், அது பானைக்குள் கிடந்தது. இவர் ஒரு கடதாசியை அடியில் செருகப் பார்த்தார். பவுன் நழுவி அடுப்புப் பக்கம் போனது. மார்க்கிரட் தோசைத் திருப்பியோடு குனிந்தார். "அது மீன் பொரிக்கிற மச்சச் சட்டியிலை பட்டதோ?" என்று நான் கேட்டதும் நிமிர்ந்துவிட்டார். மூன்று பேரும் பூனை எலியைப் பார்ப்பதுபோல் குனிந்து நிற்க, தவமணி கூடத்திலிருந்து வந்தாள்.

வந்தவள் எங்களைப் பார்த்தாள், பவுனைப் பார்த்தாள், குனிந்து கையால் எடுத்துவிட்டாள்.

நான் "ஐயோ பிள்ளை" என்று கத்தினேன். அவள் அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "அம்மா, இது என்ர கழுத்திலை கிடக்கப் போறது. என்ர கை படாமல் எப்பிடி?" என்றாள். பிறகு உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டு சாமி அறைக்குள் போய் வைத்தாள். இத்தனை நாளும் பேசாமல் இருந்த பிள்ளை, அங்கே உட்கார்ந்து அழுதாள்.

இப்போது அது பட்டுத் துண்டில், வெள்ளிச் செம்பில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு மல்லிகை இதழின் தடம் மட்டும் ஒட்டியிருக்கிறது. நாளை இவர் கொண்டு வந்து கேட்டில் தருவார். கை பட்ட பவுன் வேண்டாம் என்றால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

புனிதவதி


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
9.5.1984

அன்பின் சம்பந்தி அம்மாவுக்கு,

துடக்கு முந்தின நாளே கழிந்திருந்தும் சம்பந்தி ஐயா கேட்டில்தான் நின்று செம்பை நீட்டினார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அண்ணா கதிரையை விட்டு எழும்பி வந்தார். "ஆரின்ரையும் கை பட்டதோ?" என்று கேட்டார். நீங்கள் மறைக்காததை நான் மறைக்கலாமா. "பட்டது, கலியாணப் பொம்பிளையின்ர கை" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொன்னேன்: "அண்ணா, தாலி ஏறின பிறகு அந்தப் பிள்ளை காலமை எழும்பி அதைத் தொட்டுத்தான் கண்ணிலை ஒத்தும். ஆயுசு முழுக்கத் தொடப்போற கை. இப்ப முதல் தரம் தொட்டிருக்குது. நீங்கள் சிரம்பானுக்குப் போன் எடுக்கிறதெண்டால் எடுங்கோ, நான் பத்தரிட்டை போறன்."

நாற்பது வருஷத்தில் அண்ணாவோடு நான் அப்படிப் பேசியதில்லை. அவர் திரும்பிப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு பொன்னுருக்கன்று எத்தனை மணிக்கு வேட்டி கட்டிக்கொண்டு தயாராக வேண்டும் என்று கேட்டார். தம்பி அன்றிரவு இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

பத்தரிடம் பவுனைக் காட்டினேன், தொடவிடவில்லை. இதழின் தடம் நெருப்பில் தானாகப் போய்விடும் என்றார். துடக்குத்தான் கழிந்துவிட்டதே, இனி நீங்கள் எல்லோரும் உள்ளே வரலாம். மார்க்கிரட்டையும் கூட்டி வாருங்கள். தோசைத் திருப்பி வேண்டாம்.

இன்னொன்று. பவுனைத் துணிந்து எடுத்த அந்தக் கைக்கு என் செலவில் ஒரு சோடி காப்பு செய்யப் போகிறேன். தவமணியின் கை அளவு வேண்டும். நூலால் சுற்றி அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். தயவுசெய்து ரெசினில் அச்சு எடுத்து அனுப்ப வேண்டாம்.

அளவு வந்த பிறகுதான் பத்தர் வேலை தொடங்குவார். விரைவில் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
நேசம்மா