கடல் வயர், களப்பு வயர்

உன் ஹோம் தியேட்டர் இப்போது என் வீட்டு முன்னறையில் இருக்கிறது, மச்சான். நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மருமகன் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாராம். உன் மனைவி நேற்று இதை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, "நானா, வேற யாருக்கும் குடுக்க மனசு வரல்ல, நீங்களே வெச்சிக்கோங்க" என்று அண்ணன் முறை வைத்துப் போனில் சொன்னார். பெட்டியைத் திறந்ததும் மேலே கிடந்தவை இரண்டு ஸ்பீக்கர் வயர்கள். ஒன்றில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி 'கடல்' என்று எழுதியிருந்தாய். மற்றதில் 'களப்பு'.

வேறு ஊரார் பார்த்தால் சிரிப்பார்கள். கற்பிட்டிக்காரர்களான நமக்கு இடமும் வலமும் பள்ளிக்கூடத்தோடு சரி. ஒருபுறம் கடல், மறுபுறம் நிலத்துக்குள் புகுந்த உப்புநீர்க் களப்பு. கடைக்கு வழி கேட்டாலும் கட்டிலை நகர்த்தச் சொன்னாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வோம். டோஹாவிலிருந்து நீ இந்த செட்டைக் கொண்டுவந்து பூட்டிய நாளில், வயர்களில் எல், ஆர் என்று எழுதலாம் என்றேன். நீ கேட்கவில்லை. "டிவிக்குப் பின்னால நிண்டா ஒரு பக்கம் இடம், முன்னால நிண்டா மத்தப் பக்கம் இடம். கடல் மட்டும் எங்கயும் போகாது" என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சத்தம் நின்றுபோனால் நான் உடனே திருப்புளியைத் தேடுவேன். நீ கதிரையை விட்டு எழும்பாமலே, "கடைசியாத் தொட்டது எத? அதப் பாரு முதல்ல" என்பாய். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். யாராவது ரிமோட்டில் சத்தத்தை டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது அறையைக் கூட்டும்போது வயர் இழுபட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் உப்புக்காற்று. வயரின் முனையில் பச்சை பிடித்திருக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் மறுபடி பேசும்.

பிறகு சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உன் கண்ணைப் பிடித்தது. எவ்வளவு மோசம் என்று உன் மனைவிக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மகளுக்குச் சம்பந்தம் பேசிய காலம். மாப்பிள்ளை வீட்டார் காதில் விழக்கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். ஆட்களைக் குரலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சமாளித்தாய். படங்களையும் அப்படியே சமாளித்தாய். வாகனம் எந்தப் பக்கத்தால் வருகிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது எல்லாம் ஸ்பீக்கர்கள் உனக்குச் சொல்லிவிடும். பக்கத்தில் இருந்து யாராவது கதை சொல்ல வந்தால் உனக்குப் பொல்லாத கோபம் வரும்.

கல்யாணத்துக்குப் பிறகு முன்மண்டபம் மகளுக்குப் போனது. செட்டைப் பின்னறைக்கு மாற்றினோம். அங்கே டிவியை எதிர்ச்சுவரில்தான் வைக்க முடிந்தது. "கடல் வயர் கடல் பக்கம், களப்பு வயர் களப்புப் பக்கம். என்னத்த யோசிக்கிறாய்?" என்று நீ சொல்ல, நானும் அப்படியே பூட்டினேன். பார்ப்பவன் திரும்பி உட்கார்ந்தால் இடம் வலமாகிவிடும் என்று இரண்டு பேரில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு வந்து மருமகனும் நம்மோடு படம் பார்க்க உட்கார்ந்தார். நீ உற்சாகமாக இருந்தாய். திடீரென்று வலப்பக்கம் கையை நீட்டி, "அந்தா லொறி வருது, இவன அடிக்கத்தான் போகுது" என்றாய். லொறி திரையின் இடப்பக்கத்தால் வந்தது. மருமகன் உன் கையைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லி மழுப்ப நினைத்தேன். எங்கள் பதில் வராததிலேயே பிழை விளங்கி, உன் கை மெதுவாக மடிக்கு இறங்கியது.

பிறகு சிரித்தாய். "மச்சான், கடல் அங்கயேதான் இரிக்கி. நாமதான் திரும்பிக் குந்திட்டம்" என்றாய். அதோடு விட்டிருந்தால் வயர் பிழை என்றே அந்தக் கதை முடிந்திருக்கும். நீ விடவில்லை. மருமகன் பக்கம் திரும்பி, "மகன், எனக்குக் கண் தெரியல்ல. ஒளிச்சு வெச்சதுக்குப் பயம்தான் காரணம்" என்றாய்.

"ஓம் மாமா, தெரியும்" என்றார் அவர். "கல்யாணத்தண்டைக்குக் கைகுடுத்து முசாபஹா செய்யக்குள்ள கை தடுமாறினீங்க. நீங்களாச் சொல்லுவீங்க எண்டு இருந்தேன்." அவர் எழுந்து இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினார். ரிமோட்டை எடுத்து, லொறி வரும் இடத்துக்கே படத்தைத் திருப்பி ஓடவிட்டார். அடுத்த கிழமை உன்னைக் கொழும்புக்குக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தான். ஒரு வருடத்துக்கு முன்னே வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

இன்றைக்கு என் வீட்டில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. ரிமோட்டைப் பார்த்தேன், முனைகளைத் துடைத்தேன், கரண்டை நிறுத்திப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவி டோர்ச்சோடு வந்து குனிந்து, "சத்தம் போற வயர பக்கத்து ஓட்டையில குத்தி இரிக்கீங்களே. ஏஆர்சி எண்டு இதுலதானே எழுதி இரிக்கி" என்றாள். அந்த எழுத்து எனக்குத் தெரியவில்லை, மச்சான். டோர்ச் வெளிச்சத்திலும் தெரியவில்லை. எனக்கும் சீனிதான். சில மாதங்களாக ஒரு கண்ணில் புகை மாதிரி ஏதோ நிற்கிறது. வெளிச்சம் போதாது, கண்ணாடி பழசு என்று வீட்டில் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வழக்கம்போல் இன்றைக்கும் ஒரு சாட்டுச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அன்று நீ மருமகனிடம் சொன்னதுதான் வாயில் வந்தது. அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

அவள் திட்டவில்லை. டோர்ச்சை அணைத்துவிட்டு, "எந்தக் கண்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.