ஆய்வக விளக்கின் முகத்தில் வைத்த சந்தனம்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்தால் பதில் வராத இடத்தில் இருக்கிறாய். ஆகவே செய்திக்கே வந்துவிடுகிறேன். உன் மகள் கோமதி ஆராய்ச்சியை விட இருந்தாள். விடவில்லை.

உன் கடைசி ஆண்டில், உன் புற்றுக்கட்டியின் நடுப்பகுதிக்குப் பிராணவாயு போதாததால் அங்கே சிகிச்சை சரியாகப் பிடிக்கவில்லை என்றார் மருத்துவர். "எனக்குத்தான் மூச்சு முட்டுதுன்னா அதுக்குமா முட்டுது? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சன்னலத் தொறந்து விடுங்க டாக்டர்" என்றாய். அவரே சிரித்துவிட்டார். உன் மகள் சிரிக்கவில்லை. அந்தச் சன்னலைத்தான் சென்னை ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய நுண்துகள்கள் பிராணவாயுவையும் ஒரு மருந்தையும் கட்டிக்குள் சுமந்து செல்லும். வெளியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், அம்மருந்து அந்த வாயுவைக் கொண்டே புற்றுச் செல்களைக் கொல்லும். இப்போதைக்கு எலிகளில் மட்டும்தான்.

தொடக்கத்தில் கட்டிகள் சுருங்கின. பிறகு மூன்று மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், ஆராய்ச்சியிலிருந்து விலகும் கடிதத்தை நீட்டி, பிழை பார்க்கச் சொன்னாள். இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தேன்! அப்புறம்தான் கடைத் தராசுகளைச் சோதிக்கும் எடையளவு ஆய்வாளனுக்குரிய கேள்வியைக் கேட்கத் தோன்றியது. எந்த நாளிலிருந்து இப்படி?

"ஆயுத பூஜை முடிஞ்சதுலேருந்து மாமா."

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜை முடிந்ததும் தராசுத் தட்டில் காய்ந்த சந்தனத்துக்காகக் கடை கடையாக நான் சண்டை போடுவது உனக்குத் தெரியாததா?

"அந்த லைட்டுக்குப் பொட்டு வச்சியாட்டி?"

"நீங்கதான போன்ல சொன்னீய, எல்லாக் கருவிக்கும் முகத்துல வைக்கணும், அதான் மொறைன்னு?"

"அதுக்கு முகம் எங்கன இருக்கு?"

ஒளி வெளிவரும் கண்ணாடிதான் முகம். மறுநாளே துடைத்திருக்கிறார்கள், மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. மங்கினால் யாருக்குத் தெரியும்? மாதந்தோறும் ஒளியை அளக்க வேண்டும் என்ற விதியும் அங்கே காற்றில் பறந்திருந்தது.

"ஊர்ல உள்ள கடைக்காரனயெல்லாம் ஏசுவீய. ஒங்க பொட்டு என் மூணு மாச வேலையத் தின்னுட்டு!" என்றாள். சிரித்தாள், அழுதாள், அந்தக் கடிதத்தைக் கிழித்தாள். நான் தடுக்கவில்லை.

கண்ணாடியைச் சுத்தம் செய்து, சோதனையை மீண்டும் நடத்தினாள். ஒரு முறை பலித்தால் போதாது, மூன்று முறை பலிக்க வேண்டும் என்றேன். மூன்றாவது முடிவு இன்று வந்தது. பூ மார்க்கெட்டில் ஒரு தராசைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அழைத்தாள். "கட்டியோட படம் அனுப்பியிருக்கேன் மாமா. நடுவுல பாருங்க. நடுவுலயும் செத்துக் கெடக்கு!"

பார்த்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. "என்ன சார், என் தராசு சரியா இருக்கதுக்கா இம்புட்டு சந்தோசம்?" என்று பூக்காரர் கேட்டார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முத்திரையிட வந்த அதிகாரி செய்யத்தக்க காரியமன்று.

உனக்கு இது எட்டாமல் போனதை எந்தக் கணக்கில் நான் எழுதுவது? தெரியவில்லை அக்கா.

எலியில் பலித்ததை மருந்து என்று எவரிடமும் சொல்லமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. ஆனால் உன்னிடம் மட்டும் சொல்லலாம் அல்லவா? எவராலும் எட்ட முடியாத அந்த நடுப்பகுதிக்கு உன் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்படிக்கு,
அவளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றும் தம்பி
சங்கரன்கோவில்