கை போன பக்கம்

இன்று காலை வறுபடும் மல்லாட்டைக் கடலையைப் பதம் பார்க்கலாமென்று சட்டியில் கைவிட்டேன். சுடுகிறது என்று நினைப்பதற்குள் கை வெளியே இருந்தது. நான் இழுக்கவில்லை; அதுவே வந்தது. உடனே உன் ஞாபகம்.

யுத்தம் தொடங்கிய வருஷம். திண்டிவனத்திலிருந்து வந்த நாம் இரண்டு பேரும் கோலியனூர்க் குடியானவர்களிடம் நேராக மல்லாட்டை வாங்குவது விழுப்புரத்து மண்டிக்காரனுக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலில் ஆள் விட்டான். முதல் தடி என் முட்டியில் விழுந்தது. நான் எடைக்கல்லால் ஒருவன் வாயைப் பெயர்த்தேன். பல் மல்லாட்டைக் குவியலில் போய் விழுந்தது. நீ தராசுத் தண்டைப் பிடுங்கி இன்னொருவனை விளாசிக்கொண்டிருந்தாய்.

"திண்டிவனத்தான் தலை ஊருக்குத் திரும்பக் கூடாதுடா!" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினேன். அரிவாள் என் கழுத்துக்கு நேராக இறங்கியது. குறுக்கே உன் இடது கை. இரண்டு விரல்கள் சாக்கின் மேல் விழுந்தன. உன் ரத்தம் என் கண்ணில் அடித்தது. மறுகையால் நீ தண்டை வீசினாய். அவன் தோளெலும்பு முறிந்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது, "எதுக்குய்யா கைய நீட்டினே?" என்றேன்.

"நான் எங்க நீட்டினேன்? அதுவா போச்சி. உன் மூஞ்சிக்கு ரெண்டு விரலு குடுப்பாங்களா?"

டாக்டரைக் கேட்டேன். "அப்படி உண்டுங்க," என்றார். "சுட்டா, குத்தினா, சேதி முதுகுத்தண்டு வரைக்கும் போனாப் போதும். மதராசுக்குத் தந்தி அடிச்சிக் கேக்காம விழுப்புரம் ஜங்ஷன்லயே கொடி காட்டிடற மாதிரி, உத்தரவு அங்கியே பொறந்துடும். மூளைக்கு அப்புறம்தான் தெரியும்."

"கேட்டுக்கினியா?" என்று நீ சிரித்தாய்.

நான் விடவில்லை. "அந்த உத்தரவு கைய எந்தப் பக்கம் அனுப்புங்க?"

"தன் ஒடம்பைக் காப்பாத்திக்கிற பக்கம். அரிவாள் வந்தா கை பின்னால போகும், இல்லன்னா தன் மொகத்தை மறைக்கும்."

உன் சிரிப்பு நின்றுபோனது. வாசலுக்கு வந்ததும் கட்டுப்போடாத கையால் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாய். என் உதடு கிழிந்தது.

"இன்னொரு தபா இதைப் பேசினே, பல்லக் கழட்டிடுவேன். காலமெல்லாம் எனக்குக் கடன்பட்டு நிக்கணுமா நீ? கை தானா போச்சி. அவ்ளோதான்."

ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தலையாட்டினேன். நீ இருந்தவரை யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன். போன மாசம் உன்னை எரித்துவிட்டு வந்தோம். இனி என் சட்டையைப் பிடிக்க உன்னால் முடியாது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இந்தத் தலையைத் தோள்மேல் சுமந்து திரிகிற ஒவ்வொரு நாளும் எனக்கு அது தெரியும்: கை தானாகப் போகவில்லை. நீதான் நீட்டினாய்.