திரும்பிப் பார்க்கச் சொன்னவளுக்கு

வேலைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டு ஒரு மணி நேரம் ஆகிறது. அதன் வலது தோளில் மட்டும் தைல வாசம் அடிக்கிறது. பச்சைப் புட்டித் தைலம். வகுப்புக்கு முன்னால் முழங்காலில் சூடு பறக்கத் தேய்ப்பாயே, அதே தைலம். எங்கள் வீட்டில் அதை யாரும் வாங்குவதில்லை. என் கணவருக்கு அந்த வாசம் பட்டாலே தும்மல். சட்டையை அவரிடம் நீட்டி, "எதாச்சும் வாசம் வருதா?" என்று கேட்டேன். முகர்ந்துவிட்டு மூன்று முறை தும்மினார். நீ போய் எட்டு மாதம் ஆகிறதடி.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் மந்திரித்துத் திருநீறு பூசி உட்கார வைத்துவிடுவார்கள். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய், அவ்வளவுதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

எல்லாம் அந்தக் கைப்பைச் சம்பவத்தில் ஆரம்பித்தது. செங் தொழிற்பேட்டையில், நம் தொழிற்சாலைக்கு அடுத்த தொழிற்சாலைப் பெண். மோட்டார் சைக்கிளில் வந்தவன் பையைப் பிடித்து இழுக்க, அவள் விடாமல் போராடி, ரோட்டில் தேய்ந்து கை ஒடிந்து கிடந்தாள். அந்த வாரம் முழுக்க நமக்கு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். நகை போடாதே, தனியாக நடக்காதே, ஏழு மணிக்குள் வீடு வந்து சேர். நம் வேலை முடிவதே ஏழு மணிக்கு. சோதனை மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ, கையில் இருந்த சர்க்யூட் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"செயினக் கழட்டி வெக்கச் சொல்றாங்க. கழுத்தையும் கழட்டி லாக்கர்ல வெச்சிட்டு வரவா?"

அடுத்த ஞாயிறே என்னைத் தற்காப்பு வகுப்பு பார்க்க இழுத்துக்கொண்டு போனாய். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பதுபோல் கடை கடையாக ஏறி இறங்கினோம். கோயில் மண்டபத்தில் சிலம்பம். மாஸ்டர் நல்ல மனிதர்தான். "ஃபேக்டரிக்குக் கம்போட போனா கேட்ல இருக்கற கார்டு உள்ள விடுவாரா மாஸ்டர்?" என்று நீ கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. அடுத்தது டேக்குவாண்டோ. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாம் இரண்டு பேரும் நின்றோம். தலை உயரத்துக்கு உதைக்கச் சொன்னார்கள். "புடவை கட்டியிருந்தா எப்படி சார் உதைக்கிறது?" என்றாய். மூன்றாவது, ஆயர் குரோவில் ஒரு தாமான் குடியிருப்பின் மண்டபம். கோச் ஐம்பது வயதைத் தாண்டிய சீனப் பெண்மணி. அவரிடமும் அதே புடவைக் கேள்வியைக் கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் இரண்டு பேரும் புடவையிலேயே வாருங்கள் என்று மலாயில் சொன்னார். அங்கேயே சேர்ந்துவிட்டோம்.

புடவையைச் செருகிக்கொண்டு பிடியை உதறியது, ரப்பர் பாயில் விழுந்து எழுந்தது எல்லாம் எனக்கு வந்துவிட்டது. கத்தத்தான் வரவில்லை. எல்லாருக்கும் புரியும்படி மலாயில் கத்துங்கள் என்றார் கோச். "பயந்தா எனக்குத் தமிழ்தான் கோச் வரும்" என்று நீ சண்டை போட்டாய். எனக்கோ எந்த மொழியிலும் வரவில்லை. பொம்பளப் பிள்ளை சத்தம் போடாதே என்று கேட்டே வளர்ந்த தொண்டை. முதல் நாள் நான் கத்தியது பூனைக்குட்டி மாதிரி இருந்தது. நீ பாயில் புரண்டு சிரித்தாய்.

அப்புறம் கோச் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார். ஜோடியில் ஒருத்தி மற்றவளுக்குப் பின்னால் எங்கே வேண்டுமானாலும் வரலாம், சொல்லாமல் வரலாம். தோளில் விரல் படுவதற்கு முன் அவள் முழுசாகத் திரும்பிக் கத்த வேண்டும். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். கேண்டீனில், பாசார் சந்தையில், கார் நிறுத்தும் இடத்தில் எல்லாம் என் வலது தோளில் இரண்டு விரல் விழும். காதோரம் உன் குரல் கேட்கும்.

"செத்துட்டடி."

உம்பாய் கடலோரக் கடையில் சுட்ட மீனைப் பிய்த்து வாயில் வைக்கப் போனேன். கை கழுவப் போயிருந்த நீ பின்னால் வந்து தட்டினாய். "செத்துட்டடி." மீன் மடியில் விழுந்தது. எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "நீதான் வரேன்னு தெரியும். உன் நடை எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரியும்தான். சின்ன வயதில் எஸ்டேட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து கெட்டுப்போன இடது முழங்கால் உனக்கு. ஒரு காலை ஊன்றி மறு காலை லேசாக இழுப்பாய். டக், சர்ர். டக், சர்ர். அந்தச் சத்தம் கேட்டாலே நான் அசட்டையாக இருந்துவிடுவேன். அன்றைக்கு நீ சிரிக்கவில்லை.

"நான்தான்னு திரும்பிப் பாத்தியா? பாக்காம எப்படித் தெரியும்?"

எந்த முரடனும் வரவில்லை உனக்கு. ஒரு கொசு வந்தது. டெங்கி. திங்கட்கிழமை காய்ச்சல், அடுத்த திங்கட்கிழமை நீ இல்லை. எத்தனை பிடி கற்றிருந்தாய், என்ன பிரயோசனம்? இன்னும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மின்சுடலையில் எல்லாம் முடிந்து வெளியே வரும்போது உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பிப் பாக்காம நேரா நடம்மா. கூப்பிட்ட மாதிரி இருந்தாலும் திரும்பாத. பாத்தா அவளுக்குப் போக மனசு வராது." நடந்தேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் கேட்டது. டக், சர்ர். டக், சர்ர். வெயில் பட்டப்பகல். முன்னும் பின்னும் ஜனங்கள். வலது தோள் தானாகவே கூசியது. இப்போது தட்டுவாய், இப்போது சொல்லுவாய் என்று கழுத்து விறைத்துப்போய் நடந்தேன். திரும்பவில்லை. கார்க் கதவைச் சாத்தியதும் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. ஜோடி இல்லாமல் எதற்கு என்று கோச்சிடம் சொன்னேன். ஆனால் உன் நடை மட்டும் நிற்கவில்லை. வேலை முடிந்து, பொழுது சாயும் நேரத்தில் வேலியோரம் நிறுத்திய என் காரை நோக்கி நடக்கும்போது அது கேட்கும். வேலிக்கு அந்தப்பக்கம் செம்பனை மரங்கள் கறுத்து நிற்கும். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியிருக்கும். டக், சர்ர். தினமும் அல்ல, எதிர்பார்க்காத நாளில். திரும்பினால் நீ இருப்பாயோ என்ற பயம் பாதி. இருக்க மாட்டாயோ என்ற பயம் மீதி. முன்னால் மட்டும் பார்த்து நடக்கப் பழகிவிட்டேன். பின்னால் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் நீதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டதை எல்லாம் உன் பெயரைச் சொல்லியே மறந்துகொண்டிருந்தேன். அது எனக்குத் தெரியவும் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்டது. தொடர்ந்து வருகிறாளே, என்ன கோபமோ என்று நினைத்தேன். நேற்று, "போடி, நிம்மதியா போய்ச் சேரு" என்று முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தேன்.

இன்று கார் தெரியும் தூரத்துக்கு வந்தபிறகுதான் காதில் உறைத்தது. இழுப்பு இல்லை. டக், டக், டக், டக். இரண்டு காலும் நல்ல கால். நான் நிதானித்தால் அதுவும் நிதானித்தது. சாவி கையிலிருந்து நழுவி விழுந்தது. அப்போதும் திரும்ப முடியவில்லையடி. எட்டு மாதப் பழக்கம், கழுத்து இரும்பாய் நின்றது. குனிந்து சாவியை எடுக்கக்கூட முடியவில்லை.

அப்போதுதான் வலது தோளில் இரண்டு விரல் விழுந்தது.

முழுசாகத் திரும்பினேன். "யாருடா அது!" என்று கத்தினேன். அது என் தொண்டைதானா என்று எனக்கே தெரியவில்லை. வேலி அதிர்ந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் நின்றான். கையில் என்னவோ மடித்து வைத்திருந்தான். தொழிற்சாலையின் நேபாளி கார்டு விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். அவன் வேலி ஓட்டைக்குள் நுழைந்து செம்பனைக்குள் மறைந்தான். அந்தப் பக்கம் மோட்டார் உறுமிப் போனது. கார்டு தண்ணீர் கொடுத்தார். போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஒன்றை மட்டும் புகாரில் எழுதவில்லை. நான் திரும்பியபோது அவன் மூன்று கார் தள்ளி நின்றான். அங்கிருந்து எந்தக் கையும் என் தோளுக்கு எட்டாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை.

கோச்சுக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஜோடி இல்லாமல் இருக்கிறாளாம். அவளுக்கும் கத்த வரவில்லையாம். இனிமேல் பின்னால் சத்தம் கேட்டால் திரும்புவேன், பாதியாக அல்ல, முழுசாக. உன் நடையாக இருந்தாலும் திரும்புவேன். உன் அத்தை கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சட்டை இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது. துவைக்க மனம் வரவில்லை. தோளில் தட்டித் தட்டி எத்தனையோ முறை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய். ஒரு முறைகூட என்னால் உனக்குப் பதில் சொல்ல முடிந்ததில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நான் சாகலடி.