பார்த்ததை மட்டும்

ஜனவரி 14

என் அக்கா பெற்ற ஒரே ரத்தினமே, சுண்டெலியே,

உன் மாமா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன், அதை நிரூபிக்கத்தான் இங்கே சாட்சி கிடையாது. மகன் வீட்டில் என்னை மூன்றாவது மாடியில் குடியேற்றியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து சட்டையை நனைத்துவிட்டுப் போகிறது. பதினோரு வருஷம் உங்கள் குழந்தைகள் காப்பகத்து வேனை ஓட்டி, ஒரு லட்சம் குழந்தைகளை ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவிட்ட கை, இப்போது டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

மகனிடம் உன் கதையைச் சொன்னேன். எடுபிடி ஆயாவாகச் சேர்ந்தவள் முப்பத்தாறு வயதில் புத்தகத்தைத் தூக்கி, நூற்றிருபது மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, பரிசோதகரின் மூக்குக்கு நேரே டயப்பர் மாற்றிக் காட்டிக் குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழ் வாங்கினாளே, அந்தக் கதையை. நான் சொன்னதில் பரிசோதகர்கள் நான்கு பேர். ஒருவர் வியப்பில் மயங்கி விழுந்தார். "போன தடவை ரெண்டு பேருன்னீங்கப்பா" என்கிறான் மகன். வளர்கிற கதை, வளரட்டுமே.

நீ வேலை செய்யும் கைக்குழந்தை அறையில் போன் கூடாதாம், மற்ற நேரம் உனக்கு ஓய்வில்லையாம். ஆகவே கடிதம். உடனே பதில் வராவிட்டால் படையெடுத்து வருவேன்.

முன்னாள் வேன் படைத் தளபதி,
உன் மாமா

ஜனவரி 25

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தை அறை வாசலில் நின்று படித்தேன். மேகம் சட்டையை நனைத்த இடத்தில் சிரித்துத் தொலைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள்.

ஓர் உதவி வேண்டும். அந்தச் சான்றிதழ் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். ஏப்ரல் பத்தோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். முதலுதவி வகுப்பு முடிந்தது, பயிற்சி மணிகளும் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒரு பரிந்துரைக் கடிதம். நான் குழந்தைகளோடு இருப்பதைப் பார்த்த ஒருவர், இப்போது காப்பகத்தில் வேலை செய்யாதவர், எழுத வேண்டும். சொந்தக்காரர் எழுதலாமா என்று கேட்டேன். முன்பு உடன் வேலை பார்த்தவர் என்றால் சரியாம்.

அரைப் பக்கம் போதும் மாமா. காலையும் மாலையும் வேனிலிருந்து நான் குழந்தைகளை வாங்கும்போது வாசலில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். யாரும் மயங்கி விழ வேண்டாம்.

சான்றிதழ் இல்லாமல் அந்த அறையில் என்னை நிற்க விட மாட்டார்கள். புதிதாக ஒன்றரை வயசுக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் புருவத்தைத் தூக்குவதால் ஜட்ஜம்மா என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் தூக்கினாலும் உடம்பு விறைத்துவிடும். மூன்று மாசத்துக்குப் பிறகு, போன வாரம்தான் என் தோளில் தலையைச் சாய்த்தாள். கால் மணி நேரம் நான் அசையவே இல்லை.

உங்கள்
சுண்டெலி

பிப்ரவரி 3

சுண்டெலியே,

அரைப் பக்கமா? உன் பெருமையை அரைப் பக்கத்தில் அடக்குவதற்கு நான் என்ன தந்தி அலுவலகமா? மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன். எழுதும்போது நான் இரண்டு முறை அழுதேன், பேனா ஒரு முறை அழுதது.

வாசலில் பார்த்ததை எழுது என்கிறாய். வாசலில் என்ன இருக்கிறது? கதவைத் திறந்தேன், குழந்தையைக் கொடுத்தேன், நீ வாங்கினாய். அதிகாரி கொட்டாவி விட்டே உன் விண்ணப்பத்தைப் பறக்கவிடுவார். அதனால்தான், உன்கூட வேலை பார்ப்பவளுக்கு ஒரு மதியம் உடம்பு முடியாமல் போனதே, அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.

படித்துப் பார். ஏதாவது வேண்டாம் என்றால் சொல், மாற்றித் தருகிறேன். வேண்டாம் என்று சொல்ல உனக்கு மனசு வராது, பந்தயம்.

எழுத்துலகை நடுங்கவைக்கும்
உன் மாமா

மார்ச் 16

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று சான்றிதழ் அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். உங்கள் கடிதம் மேஜைமேல் இருந்தது. ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. 'உடன் வேலை செய்பவர் மயங்கி விழுந்த அந்த மதியம், மூன்று மணி நேரம், பதினெட்டுக் கைக்குழந்தைகளை இவள் தன்னந்தனியாகக் காத்தாள். ஒரு குழந்தையும் முகம் கோணவில்லை. என் கண்ணால் கண்டேன்.'

நான்கு கைக்குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்பது சட்டம் மாமா. அன்று இருந்ததே ஏழு குழந்தைகள். கூட வேலை பார்ப்பவள் குளியலறைக்கு ஓடியதும் நான் மணியடித்தேன், பொறுப்பாளர் அம்மா உடனே வந்து நின்றார். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. காட்டினோம்.

அதிகாரி கோபப்படவே இல்லை. "பதிவேடு சரின்னா இந்தக் கடிதம் பொய். கடிதம் சரின்னா நீங்க விதிய மீறியிருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். "எங்க மாமா கொஞ்சம் கூட்டிப் பேசுவாரு சார்" என்றேன். "'படிச்சுப் பாத்தேன், உண்மைதான்'னு கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

போட்டேன் மாமா. படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்த வரியை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்தது. ஆனால் என்னைப் பற்றி யாரும் இதுவரை அப்படி எழுதியதில்லை. நான்கு நாள் கைப்பையிலேயே வைத்திருந்து பஸ்ஸில் எடுத்தெடுத்துப் படித்தேன். அப்புறம் அப்படியே கொடுத்துவிட்டேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. கண்ணால் பார்த்தது இதுதான் என்று எழுதியவரே திருத்தி எழுதித் தந்தால், ஏப்ரல் பத்துக்குள் பார்க்கிறேன் என்றார். வாசலில் பார்த்தது மட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்
சுண்டெலி

மார்ச் 22

சுண்டெலியே,

கண்ணைத் துடை. மாமா இருக்கும்போது மலையே புரண்டாலும் ஒரு கையால் தள்ளிவிடுவேன்.

உனக்கு அனுப்பி, நீ கொண்டுபோய்க் கொடுத்து, எதற்கு அலைச்சல்? அதிகாரிக்கே நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதினெட்டை ஏழாக்கினேன். மூன்று மணி நேரத்தை அடியோடு வெட்டினேன். என் ஆயுசில் எந்த எண்ணையும் நான் இப்படி இறக்கியதில்லை.

ஆனால் வாசலில் நின்ற டிரைவரின் பேச்சை யார் மதிப்பார்கள்? தினமும் அரை மணி நேரம் கைக்குழந்தை அறைக்குள்ளேயே நின்று உனக்குக் கைகொடுத்தவன் நான் என்று ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சாட்சிக்குக் கொஞ்சம் கனம் வேண்டாமா?

இனி சான்றிதழ் தானாக நடந்து உன் வீட்டுக்கு வரும். ஜட்ஜம்மாவின் புருவத்துக்கு என் வணக்கம்.

வெற்றிக் களிப்பில்
உன் மாமா

மே 30

மாமாவுக்கு,

இரண்டு மாசமாக எழுதப் பிடிக்கவில்லை.

அந்த அறைக்குள் டிரைவர் வரக் கூடாது. பின்னணி சரிபார்க்காத யாருமே வரக் கூடாது. பதினோரு வருஷமும் உங்களுக்குத் தெரிந்த விதிதான் இது. அந்த ஒரு வரிக்காகக் காப்பகத்தை நான்கு நாள் விசாரித்தார்கள். நீங்கள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை என்று பொறுப்பாளர் அம்மா எழுதிக் கொடுத்தார். ஆக இரண்டாவது கடிதமும் பொய். என் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து விண்ணப்பிக்கலாம். எல்லாம் முதலிலிருந்து, வகுப்பு, பரீட்சை, பரிசோதகர்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி என்னைச் சலவை அறைக்கு மாற்றினார்கள். அதுவே பெரிய உபகாரம். ஆனால் சலவை அறைக்கும் கைக்குழந்தை அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அழுகை கேட்கும். எது யாருடைய அழுகை என்று எனக்குத் தெரியும். பசியா, தூக்கமா, ஈரமா என்றும் தெரியும். போகக் கூடாது.

ஜட்ஜம்மா முதல் வாரம் முழுக்க அழுதாள். ஒரு நாள் கையில் துணியோடு அந்தக் கதவு வரை போய்விட்டேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண், "அக்கா, நீங்க வரக் கூடாதுக்கா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் இடுப்பில் ஜட்ஜம்மா இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். பெட்டிகள் அழுவதில்லை.

கொஞ்ச காலம் எனக்கு எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் நான் சிரித்துவிடுவேன். சிரித்துவிட்டால் மன்னித்ததாக ஆகிவிடும். இன்னும் என்னால் அது முடியவில்லை.

அக்கா மகள்

அக்டோபர் 8

அக்கா மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நான்கு மாசம் எழுதவில்லை. போன வாரம் பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று அதிகாரியைப் பார்த்தேன். "இப்ப வந்து சொல்லி என்ன பண்றது பெரியவரே, தேதி முடிஞ்சிருச்சே" என்றார். தண்ணீர் கொடுத்தார். அங்கிருந்து உன் தெரு இரண்டு நிறுத்தம்தான். வரவில்லை.

கீழே இருப்பது உனக்கான கடிதம் இல்லை. மறுபடி விண்ணப்பிக்கும் எண்ணம் வந்தால் உன் காகிதங்களோடு இருக்கட்டும் என்று அனுப்புகிறேன். பதில் வேண்டாம்.

*

நான் இந்தக் காப்பகத்தின் வேனைப் பதினோரு வருஷம் ஓட்டினேன். இவள் எனக்கு அக்கா மகள். இவள் வேலை செய்யும் அறைக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. வாசலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வேன் கதவைத் திறந்ததும் இவள் குழந்தையைத் தூக்க மாட்டாள். முதலில் குனிந்து இரண்டு கைகளையும் காட்டுவாள். குழந்தை தானாக வரும்வரை அப்படியே இருப்பாள். வராத குழந்தையை இவள் இழுத்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் மழை பெய்தது. ஒரு குழந்தை இறங்க மறுத்தது. இவள் நனைந்துகொண்டு கையைக் காட்டியபடி நின்றாள். எனக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டதால் நான் ஹார்ன் அடித்தேன். குழந்தை பயந்து சீட்டுக்கு அடியில் போய்விட்டது. இவள் என்னைத் திட்டவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. மறுபடி முதலிலிருந்து கையைக் காட்டி நின்றாள். என் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷம் ஆயிற்று. பிறகு குழந்தை வந்தது.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நான் ஹார்ன் அடித்ததில்லை.

இப்படிக்கு,
முன்னாள் வேன் ஓட்டுநர்